சித்திக்குப் பிடிக்காத மீன்கள்

என் வயசுக்காரர்களே, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் மீன் ஃபோனில்தான் வந்திருக்கும். முள்ளெடுத்து, தோலுரித்து, எது தலை எது வால் என்றே தெரியாதபடி டப்பாவில் அடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் முட்டி வலிதான். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுகிற காலமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் ஒன்று சொல்வேன், நீங்கள் சண்டைக்கு வந்தாலும் சரி. மீன் வீட்டில் உட்கார்ந்து தின்கிற பொருளே இல்லை. கிளம்பிப் போக வேண்டும், காற்றில் தலை கலைய வேண்டும், பசியில் எரிச்சல் வர வேண்டும். அப்புறம் ஊர் பேர் தெரியாத ஒரு மரத்தடியில் நின்று, விரல் சுடச்சுடத் தின்ன வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வைகாசியும் ஆனியும். அப்போது எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

ஓடைப்பட்டியில் எங்களுடையது திராட்சை வீடு. தோட்டத்தில் வெட்டிய கொத்துகள் முன்கட்டுக்கு வந்து மலைபோலக் குவியும். சொத்தைப் பழத்தைக் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டு, கள்ளிப்பெட்டியில் காகிதம் விரித்து அடுக்குவார்கள். வீடே இனிப்பாக மணக்கும், தேனீயும் குளவியும் விருந்தாளி மாதிரி வந்து போகும். அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ஆட்டுக்கறி சமைக்கலாம், கோழி அடிக்கலாம், எல்லாம் பின்பக்கத்து அடுப்பில். மீன் மட்டும் வாசப்படி ஏறக் கூடாது. எப்போதோ ஒரு வியாபாரி பெட்டியை மோந்து பார்த்து, “என்னய்யா, பழத்துல கவிச்சி அடிக்குது” என்று சொல்லிவிட்டாராம். அது லாரியில் முன்பு ஏற்றியிருந்த சரக்கின் வாடையாகக்கூட இருந்திருக்கும். யார் கேட்பது? “தெராச்ச பச்சப்புள்ள மாதிரி. பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாடையப் பிடிச்சுக்கும்” என்பார் பெரியப்பா. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு செதில்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வைகாசியில் சித்தி வாழ வந்தாள், திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து. அவளுடைய அப்பாவுக்கு அங்கே மளிகைக்கடை. மூன்று வேளையும் மீன் புழங்கிய வீடு. மாப்பிள்ளை, பெரியப்பாவின் கடைசித் தம்பி. ஆளைப் பார்த்தால் பனைமரம், அண்ணன் எதிரில் வந்துவிட்டால் வாழைத்தண்டு. என் அம்மா அப்பாவும் அதே வீட்டில்தான் இருந்தார்கள், ஆனால் இந்தக் கதையில் அவர்களுக்கு வேலையில்லை.

வீட்டில் பெரியவர்கள் முன்னால் புதுசாகக் கல்யாணமானவர்கள் முகம் பார்த்துப் பேசக் கூடாது. அது எழுதாத சட்டம். விடிவதற்குள் சித்தப்பா தோட்டத்துக்குப் போய்விடுவார், இருட்டிய பிறகுதான் வருவார். பகலில் எதற்காவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் பேசிக்கொள்வது என் மூலமாகத்தான்.

“பாப்பா, சித்தப்பாட்ட சொல்லு, துண்டு கொடியில கெடக்குன்னு.”

“சித்திட்ட சொல்லு பாப்பா, பாத்துட்டேன்னு.”

இருவரும் நிற்பது இரண்டு எட்டு தூரத்தில். நான் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வேன். கழுத்து சுளுக்காதது ஆச்சரியம்.

சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைவாள், நாலு வாய் வைப்பாள், கை கழுவிவிடுவாள். வந்தபோது கையில் இறுக்கமாக இருந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது. பெரியம்மாவுக்குப் பகீரென்றது. எதிர்வீட்டு மருமகள் போன வருஷம் ஆடிக்குப் பிறந்த வீடு போனவள், ஆடி முடிந்தும் திரும்பவில்லை, ஐப்பசி ஆகியும் திரும்பவில்லை. ஊரே அதைப் பேசித் தீர்த்திருந்தது.

“ஆடி பெறந்தா இவ அண்ணங்காரன் கூப்பிட வந்துருவான்” என்றாள் பெரியம்மா ஒருநாள், பெரியப்பாவுக்குச் சோறு போட்டபடி. “இப்பிடி எலும்பும் தோலுமா அனுப்பி வச்சா, ஆத்தாக்காரி திருப்பி அனுப்புவாளா? அப்பறம் உங்க தம்பிய யாரு சமாதானப்படுத்துறது?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. எனக்குச் சடை பின்னி, பல்லில்லாத என் வாயைப் பார்த்துச் சிரித்து, ‘என் கிழவி’ என்று கூப்பிட அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

பெரியப்பா சோற்றை மென்றுகொண்டே யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “கடக்கரப் புள்ள. மீனில்லாம நாக்கு செத்துப் போச்சு, அம்புட்டுதேன். வீட்டுக்குள்ள மீன் வரக் கூடாது, அது வேற. ஏலே தம்பி, நீ வெளிய கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடு. எந்த மீனு அது வாய்க்குப் பிடிக்குதுன்னு கண்டுபிடி. பிடிச்சுப்போச்சுன்னா, அங்கன இருந்து வாராவாரம் தோட்டத்துக்கு வரவழைச்சிருவோம். பிறகு எதுக்கு ஆத்தா வீட்டுல போயி தங்குது?”

“ரெண்டு பேரையும் தனியாவா அனுப்புறது? ஊரு என்ன சொல்லும்?” என்றாள் பெரியம்மா. சுற்றிலும் பார்த்தாள். நான் அகப்பட்டேன். “இவள நடுவுல ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகட்டும்.”

இப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது.

சித்தப்பாவிடம் கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. முன்னால் அவர், பின்னால் சித்தி, நடுவில் அடைகாக்கிற முட்டை மாதிரி நான். பெரியம்மா வாசலில் நின்று சரிபார்ப்பாள். “ஏண்டி, நகரக் கூடாது தெரியுதா?” வண்டி தெருவைத் தாண்டும், பள்ளிக்கூடத்தைத் தாண்டும், ஊரின் கடைசிப் பம்பு செட்டைத் தாண்டும். அங்கே வண்டி தானாக நிற்கும். சித்தப்பா தன் நீலக்கட்டம் போட்ட துண்டை மடித்து பெட்ரோல் டாங்கின் மேல் போடுவார், என்னைத் தூக்கி அதன்மேல் வைப்பார்.

“பாப்பா, நல்லா முன்னால ரோட்டப் பாத்துக்கிட்டே வரணும். மாடு கீடு வந்தா சொல்லு.”

எனக்கு அது பெரிய பொறுப்பாகத் தெரிந்தது. நான் ஒரு மாட்டையும் விட்டுவிடவில்லை. “சித்தப்பா, மாடு! சித்தப்பா, இன்னொரு மாடு!” பின்னால் இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். மாட்டுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதலில் வைகை அணைக்குப் போனோம். அணைக்கு வெளியே வரிசையாக மீன் கடைகள். பெரிய தோசைக்கல்லில் எண்ணெய் கொதிக்க, மிளகாய்த்தூள் பூசிய ஜிலேபி மீனை முழுசாகப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. போட்டவுடன் ‘சொர்’ரென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், இன்றைக்கும் மழை வலுத்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. வாழையிலைக் கிழிசலில் வைத்து, வெங்காயம் தூவி நீட்டினார். புங்க மரத்து வேரில் உட்கார்ந்தோம். சித்தி முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து எனக்கு ஊட்டினாள். காரத்தில் என் காது அடைத்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு பொருள் இருப்பதை இத்தனை நாள் என்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபமே வந்தது.

சித்தப்பா தன் மீனைத் தொடவில்லை. சித்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி இருக்கு?”

சித்தி நிதானமாக மென்றாள். வானத்தைப் பார்த்தாள். “மண்வாடை அடிக்குதே” என்றாள்.

“மண்வாடையா?”

“அணைத்தண்ணி மீனுல்லா? சேத்துல கெடந்தது. எங்க ஊருல இதப் பூனைக்குப் போடுவாவ.”

சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. “சரி, விடு. அடுத்த வாரம் வேற எடம் பாப்போம்.”

“பாக்கலாம்” என்றாள் சித்தி. பிறகு அணைப் பூங்காவில் சுற்றினோம். நான் சறுக்குமரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். சித்தப்பாவுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கிளம்பும்போது இலைகளை நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். சித்தியின் இலையில் முள் மட்டும் சீப்பு மாதிரிக் கிடந்தது, தலையைக்கூட உறிஞ்சியிருந்தாள். கடற்கரைக்காரர்கள் பிடிக்காத மீனையே இப்படித் தின்றால், பிடித்த மீனை எப்படித் தின்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பம்பு செட்டுக்கு வந்ததும் நான் மறுபடி நடுவுக்குப் போனேன்.

அடுத்து ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிளப்புக் கடை. அயிரை மீன் குழம்புக்குப் பேர் போன கடை. கொல்லைப்பக்கம் ஒரு சட்டியில் பாலை ஊற்றி உயிர் அயிரையை அதில் விட்டிருந்தார்கள். பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் மீனே கக்கிவிடுமாம். “எங்க வீட்டுல எனக்கே பாலு கெடையாது” என்று நான் சொல்ல, கடைக்காரர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். புளிக்குழம்பில் விரல் கனம்கூட இல்லாத மீன்கள். முள்ளெடுக்க வேண்டியதில்லை, அப்படியே சோற்றோடு வாய்க்குள் போய்விடும். சித்தி இரண்டாம் முறை சோறு வாங்கினாள், குழம்பும் கேட்டு வாங்கினாள். தீர்ப்பு என்ன தெரியுமா?

“இம்புட்டுக் குட்டிக்குப் பேரு மீனா? எங்க ஊருல தூண்டில்ல மாட்டுவாவ.”

சித்தப்பா பெருமூச்சு விட்டார். ஆனால் போன தடவை போல முகம் அவ்வளவாக வாடவில்லை. “அப்ப மலைக்குத்தேன் போகணும்” என்றார்.

மலை என்றால் குமுளி. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டி, வண்டி வளைந்து வளைந்து ஏறியது. மாடு குறைந்துவிட்டதால் நான் குரங்குகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி மலையில் பனிப்புகை வந்து மூடியது. சித்தி அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஒரு கையை வெளியே நீட்டி, விரலை மூடித் திறந்து, “பிடிபட மாட்டேங்குதே!” என்று குழந்தை மாதிரிக் கத்தினாள். மேலே ஒரு மலையாளத்துச் சேச்சி நடத்திய சின்னக் கடை. பூப்போட்ட பீங்கான் தட்டில் ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு, அதன்மேல் சிவந்த மீன் குழம்பு.

“இது மத்தி” என்றார் சித்தப்பா பெருமையாக, தானே பிடித்து வந்த மாதிரி.

“எங்க ஊருல சாளைம்பாவ” என்றாள் சித்தி. முதல் வாயை வைத்தவுடன் அவள் கண் நிறைந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. சித்தப்பா ஆசையாக முன்னால் குனிந்தார்.

“என்ன? இது சரியா?”

அவள் தொண்டையைச் செருமினாள். “புளி வேற புளியா இருக்கே. கறுப்பா என்னமோ போட்டிருக்காவ.”

அந்த நேரம் பார்த்து என் தொண்டையில் முள் சிக்கியது. நான் ‘ஙே’ என்று விழிக்க, சேச்சி பதறி ஓடி வந்து ஒரு கிழங்குத் துண்டை அப்படியே விழுங்கச் சொல்ல, சித்தி என் முதுகில் தட்ட, சித்தப்பா கடையைச் சுற்றி ஓட, முள் ஒருவழியாக இறங்கியது. எல்லோரும் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கட்டன்சாயா கிடைத்தது. வீட்டில் தேயிலைத் தண்ணி குடிக்க அனுமதியில்லை என்பதால் முள்ளுக்கு நன்றி சொன்னேன்.

ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பெரியப்பா வாசலில் நின்று கேட்பார். “என்னலே, பிடிச்சுச்சா?” சித்தப்பா தலையைக் குனிந்து உதட்டைப் பிதுக்குவார். ஆனி பாதி போய்விட்டது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் பொட்டலத்தில் விற்ற நெத்திலிக் கருவாட்டு வறுவல் உப்புக் கரித்தது. தேனிச் சந்தைக்கடை மீன் முள்ளாக இருந்தது. சித்தியின் வளையல் மறுபடி கையை இறுக்க ஆரம்பித்ததை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கவனித்தது அவள் சொன்ன குறைகளை மட்டும்தான்.

கடைசியில் பெரியப்பா, தன் வாழ்க்கையில் யாருக்காகவும் செய்யாததைச் செய்தார். கொச்சிக்குப் பழம் ஏற்றிப் போன லாரி டிரைவரிடம் சொல்லி, காலித் திராட்சைப் பெட்டி ஒன்றில் ஐஸும் மரத்தூளும் போட்டு, முழங்கை நீளச் சீலா மீன் ஒன்றை வரவழைத்தார். திராட்சைப் பெட்டியில் மீன்! பெட்டி வீட்டுக்கு வரவில்லை, நேராகத் தோட்டத்துப் பம்பு செட்டுக்குப் போனது. மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினார்கள். சித்தியே மசாலா அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, தன் ஊர்ப் பக்குவத்தில் வைத்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கரண்டியில் ஒரு சொட்டை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

குடும்பமே கொடிப்பந்தலுக்குக் கீழே உட்கார்ந்தது. சித்தி தன் புருஷனின் அண்ணனோடு நேராகப் பேசக் கூடாது என்பதால் பெரியம்மா நடுவில் நின்றாள்.

“பிடிச்சிருக்கான்னு கேளு” என்றார் பெரியப்பா. “பிடிச்சிருக்குன்னா டிரைவர்ட்ட சொல்லி வாராவாரம் வரவச்சிரலாம். பாவம், இந்த வெயில்ல அதுகளும் எம்புட்டுத்தேன் அலையும்? இனிமே அங்கன இங்கன எங்கயும் போக வேணாம்.”

சித்தி கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. எதிரில் சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அணில் கிறீச்சிட்டது. சித்தி அந்தக் கவளத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

“அக்கா, மாமாட்ட சொல்லுங்க. ஐஸ்ல வச்ச மீனு. சப்புன்னு இருக்கு.”

பெரியப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோற்றுப்போன மனுஷனாக எழுந்து வேட்டியைத் தட்டினார். “ஏலே தம்பி, நம்ம கையில ஒண்ணுமில்ல. நீயே கூட்டிட்டுப் போ. குமுளி என்ன, கோட்டயம் வரைக்கும் போனாலும் சரி.”

சித்தப்பா அப்போதும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள் பெரியம்மா. எனக்கு அவர் முகம் தெரிந்தது. அவர் அழவில்லை.

ஆடி பிறந்தது. சித்தியின் அண்ணன் சீர்வரிசையோடு வந்து அழைத்துப்போனார். பஸ்ஸுக்குக் கிளம்பியபோது எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, “போயிட்டு வாம்மா” என்றாள், ‘வா’வை வேண்டுமென்றே அழுத்தி. சித்தப்பா மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவைத்துவிட்டார். நான் தினமும் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். “நல்ல மீனா ஒண்ணு வாங்கிக் குடுக்க முடியல நம்மளால” என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். “அங்க போனா கடலே இருக்கு. இனி இங்க என்ன இருக்கு வாரதுக்கு?”

ஆடி முடிய இன்னும் நாள் கிடந்தது. நாங்கள் பெட்டிக்குக் காகிதம் விரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், வாசலில் சித்தி நின்றாள். பின்னால் அவள் அண்ணன், நெற்றியைத் துடைத்தபடி. ஆடி முடிவதற்குள் புதுப்பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்புவதா! பெரியம்மா கையிலிருந்த கொத்தை அப்படியே கீழே போட்டாள்.

“என்னாத்தா? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா? சண்டையா?”

அண்ணன்காரர்தான் பதில் சொன்னார். “சண்டையெல்லாம் இல்லக்கா. வந்த நாள்லருந்து சரியாச் சாப்பிட மாட்டேங்கா. சீலா வாங்கியாந்தோம், பாறை வாங்கியாந்தோம், எறாலு வாங்கியாந்தோம். எதக் குடுத்தாலும் ருசியில்லங்கா. எங்க அம்மா பயந்துபோயி, கொண்டு விட்டுட்டு வாலேன்னு அனுப்பிட்டாவ.”

கடற்கரையில் மீன் ருசியில்லையாம்! பெரியப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “புள்ளைக்கு நாக்குலதேன் கோளாறு. மொதல்லயே டாக்டர்ட்ட காட்டாம விட்டுட்டோமே!” மறுநாளே சின்னமனூருக்கு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாராம், லைட் அடித்துப் பார்த்தாராம், ஒரு குறையும் இல்லை என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தாராம். பார்த்தாராம் என்ன, நானும்தான் போயிருந்தேன், நடுவில் உட்கார்ந்து. வரும் வழியில் மீன் பஜ்ஜி தின்றோம். சித்திக்கு அதில் மாவு அதிகம்.

ஆடி முடியும்வரை பெரியம்மா அவளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி அதற்குப் பிறகு எங்கள் வீட்டைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நான் சாக்கை எடுத்து மாட்டுத் தொழுவத்தில் விரித்துவிட்டேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது புரிந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒரு பெரிய குடும்பத்துக்குள் போய், மச்சினர் மகனை நடுவில் உட்கார வைத்து எங்களைச் சினிமாவுக்கு அனுப்பிய அன்றைக்குத்தான் புரிந்தது. தியேட்டர் இருட்டில் நான் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். பெரியப்பா கடைசிவரை சித்திக்கு நாக்கில் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், நல்ல மனுஷன். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்.

போன ஞாயிறு ஓடைப்பட்டிக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, வண்டி ஓட்டக் கூடாதென்று மகன் சாவியைப் பிடுங்கி வைத்திருக்கிறான். சித்திக்குக் கைத்தடி. அவர்களுடைய மகன், என் தம்பி, ஆசையாக ஃபோனில் மீன் வறுவல் வரவழைத்தான். டப்பாவைத் திறந்து அம்மாவுக்கு ஒரு துண்டை வைத்தான். சித்தி மென்றாள். கூரையைப் பார்த்தாள்.

“மண்வாடை அடிக்குதே” என்றாள்.

“அம்மா! இது வஞ்சிரம்மா. கடல் மீனு. இதுல எங்கிட்டு இருந்து மண்வாடை வரும்?”

சித்தப்பா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், செருப்பைக் காலால் துழாவ ஆரம்பித்தார். “ஏலே, காரை எடு. அணைக்குப் போவோம். அங்கன இன்னும் அந்தக் கடைக இருக்காம்.”

“இந்த வெயில்லயாப்பா?”

“அம்மா பிடிக்கலைங்கிறாள்ல.”

சித்தி என் பக்கம் திரும்பினாள். பல்லில்லாத வாய், இப்போது அவளுடையது. “என் கிழவி, நீயும் வா. நடுவுல ஒக்காந்துக்க.”

பின்சீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே முட்டியை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தேன். தெருவைத் தாண்டினோம், பள்ளிக்கூடத்தைத் தாண்டினோம். அந்தக் கடைசிப் பம்பு செட்டு இப்போது இல்லை, அந்த இடத்தில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது.

“தம்பி, இங்கன கொஞ்சம் நிறுத்து” என்றேன்.

“என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?”

“நிறுத்துடா.”

கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சுற்றி வந்து முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, கியரைப் போட்டான். பின்னால் சித்தப்பா மெதுவாக ஏதோ சொன்னார். சித்தி சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லா முன்னால, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“தம்பி, பாத்து ஓட்டு” என்றேன். “மாடு வருது.”